லித் ஃபிலிம் தோற்றம் டிஜிட்டலில்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

லித் ஃபிலிம் (சாம்பல் படிகளே இல்லாமல் கறுப்பு, வெள்ளை என்று பிரிக்கும் பழைய அச்சு வேலை ஃபிலிம்) மாதிரியான அழுத்தமான கறுப்பு வெள்ளை வேண்டும் என்றதும் பலரின் கை நேராகக் கான்ட்ராஸ்ட் ஸ்லைடருக்குத்தான் போகிறது. அதைக் கடைசி வரை தள்ளினாலும் கிடைப்பது வெளிறிய வெள்ளையும் அடைத்துப்போன நிழலும்தான், ஃபிலிம் தோற்றம் வராது. போட்டோஷாப்பிலும் கிம்ப்பிலும் நெடுநாள் இதையே செய்து பார்த்ததில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: த்ரெஷோல்ட், அதாவது ஒரு அளவுக்கு மேல் வெள்ளை, கீழே கறுப்பு என்று பிரிக்கும் கருவி, கடைசி வெட்டு மட்டுமே. எது கறுப்பாக வேண்டும், எது வெள்ளையாக வேண்டும் என்பது அதற்கு முன்னால், சேனல் கலவையிலும் பிளரிலும் கிரெயினிலும் (ஃபிலிமில் தெரியும் பொடிப் புள்ளிகள்), முடிவாகிவிடுகிறது.

இருட்டறையில் என்ன நடந்தது என்று தெரிந்தால் எதைப் போலச் செய்கிறோம் என்பது புரியும். கோடாலித் போன்ற ஃபிலிம்கள் அச்சு வேலையில் எழுத்தையும் கோட்டுப் படங்களையும் நகலெடுக்க வந்தவை. அவற்றுக்கு நீலமும் பச்சையும் தெரியும், சிவப்பு தெரியாது. சிவப்பு விளக்கிலேயே வேலை பார்க்க முடிந்தது அதனால்தான். டெவலப்பர் ஏ, பி என்று இரண்டு கரைசல். கலந்துவிட்டால் சீக்கிரம் செத்துப்போகும். அதில் படத்தைக் கறுக்க வைக்கும் ஹைட்ரோகுவினோன் உண்டு, தனி சல்ஃபைட் மிகக் குறைவு. சல்ஃபைட் குறைவாக இருப்பதால் வினையில் உண்டாகும் பொருள்கள் அங்கேயே தங்கி, பக்கத்துப் புள்ளியையும் சேர்த்துக் கறுக்க வைக்கும். ஒரு அளவு ஒளியைத் தாண்டிய புள்ளி ஒரேயடியாகக் கறுப்புக்கு ஓடும், தாண்டாதது கண்ணாடியாக நிற்கும். ஆக, நாம் பிடிக்க வேண்டியவை மூன்று: சிவப்புக் குருடு, செங்குத்தான வெட்டு, அந்த வெட்டின் ஓரத்தில் இருக்கும் பொரபொரப்பு.

மூலப்படம் ரா கோப்பாகவே இருக்கட்டும், 16-பிட்டில் திறக்கவும். ஜேபெக் எடுத்தால் 8×8 பிக்சல் கட்டங்கள் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வெட்டு விழுந்ததும் வானம் முழுக்கத் தரையில் ஓடு பதித்தது போல எழும்பி நிற்கும். லைட்ரூம் கிளாசிக்கில் ஷார்ப்பனிங் தானாகவே 40-இல் இருக்கும், அதைப் பூஜ்யமாக்கவும். கிளாரிட்டியைத் தொடவே வேண்டாம். அது விளிம்பில் போடும் ஒளிவட்டம் வெட்டுக்குப் பிறகு முடியைச் சுற்றி வெள்ளைக் கம்பியாக மாறும். லென்ஸ் திருத்தத்தை மட்டும் போடவும், இல்லாவிட்டால் லேசாக மங்கிய மூலைகள் நாலும் கருங்குழியாகிவிடும். சென்சார் தூசியும் அப்படித்தான், முன்பே துடைத்துவிட வேண்டும்.

அடுத்தது சேனல் மிக்ஸர், சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் சேர வேண்டும் என்று தீர்மானிக்கும் கருவி. மோனோக்ரோம் பெட்டியைத் தேர்ந்து சிவப்பு 0, பச்சை 40, நீலம் 60. பகல் வெளிச்சத்தில் இந்தக் கலவை பெரும்பாலும் நிற்கும். உதடு கறுக்கும், நீல வானம் வெளுக்கும், தோலில் உள்ள சிவந்த புள்ளிகள் எல்லாம் வெளியே வரும். முகப்படத்தில் இது கொடூரமாக இருந்தால் சிவப்பை 15 அல்லது 20 வரை ஏற்றி, அந்த அளவு நீலத்தில் குறைக்கலாம். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் நீலச் சேனலில் சிக்னலே குறைவு, ஒயிட் பேலன்ஸ் அதை இழுத்துப் பெரிதாக்கும்போது நாய்ஸும் கூடவே வரும். அங்கே பச்சை 70, நீலம் 30 பாதுகாப்பு. பிளாக் அண்ட் ஒயிட் அட்ஜஸ்ட்மென்ட் லேயரும் இதைச் செய்யும்தான். ஆனால் அது நிறவாரியாகப் பிரிப்பதால் இரண்டு நிறங்கள் சேரும் இடத்தில் விளிம்பு உடைகிறது. சேனல் மிக்ஸர்தான் சுத்தம்.

கறுப்பு வெள்ளையானதும் படத்தை கிரேஸ்கேலுக்கு மாற்றி, 200 சதவீதம் பெரிதாக்கவும். 24 மெகாபிக்சல் படம் 96 மெகாபிக்சல் ஆகும். 16-பிட் வண்ணத்தில் ஒரு லேயரே 576 எம்பி. கிரேஸ்கேலில் அதில் மூன்றில் ஒரு பங்கு. பெரிதாக்குவது எதற்கு என்றால், த்ரெஷோல்ட் ஒவ்வொரு பிக்சலையும் 0 அல்லது 255 என்று அறுத்துவிடுகிறது, சாய்கோடு எல்லாம் படிக்கட்டாகிறது. இரட்டிப்பு அளவில் அறுத்துவிட்டு மறுபடி பாதியாக்கினால் ஓரங்களில் சாம்பல் படி கிடைத்து வழவழப்பாகும். பெரிதாக்கிய படத்தில் 2 பிக்சல் கௌசியன் பிளர் போடவும். கூர்முனைகள் சற்று உருண்டு, உதிரிப் புள்ளிகள் மறையும். 5 பிக்சலைத் தாண்டினால் கண் இமையும் மின்கம்பியும் காணாமல் போகும்.

பலர் கோட்டை விடுவது கிரெயினில். வெட்டிய படத்தின் மேல் நாய்ஸ் தூவினால் அது தூசி மாதிரி மேலே மிதக்கும், படத்தோடு சேராது. கிரெயின் வெட்டுக்கு அடியில் இருக்க வேண்டும். 50 சதவீதச் சாம்பல் நிரப்பிய புது லேயர், ஓவர்லே மோட் (நடுச் சாம்பல் மறைந்து, அதைவிட வெளுத்ததும் கறுத்ததும் மட்டும் அடிப்படத்தை மாற்றும்), அதில் கௌசியன் நாய்ஸ் 40 சதவீதம், பிறகு 1.6 பிக்சல் பிளர். இந்த பிளர் நாய்ஸின் வீச்சை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகச் சுருக்கிவிடும். அதனால்தான் பலருக்கு இந்த இடத்தில் கிரெயினே தெரிவதில்லை. சதவீதத்தை ஏற்றிக்கொண்டே போவதில் பயனில்லை. அந்த லேயருக்கு மட்டும் லெவல்ஸ் (கறுப்பு, வெள்ளை எல்லைகளை நகர்த்தும் கருவி) போட்டு, ஹிஸ்டோகிராம், அதாவது டோன்களின் வரைபடம், 90 முதல் 165 வரை பரவும்படி இழுத்துவிடுங்கள். 128-இல் வெட்டும்போது, அடிப்படத்தில் சுமார் 100-க்கும் 155-க்கும் இடைப்பட்ட டோன்கள் மட்டும் பொரிந்து நிற்கும். அதற்குக் கீழே முழுக் கறுப்பு, மேலே முழு வெள்ளை. 100 சதவீத ஜூமில் ஒரு கன்னத்தின் நிழலோரத்தைப் பாருங்கள்: கறுப்பிலிருந்து மணல் கொட்டியது போல் பொட்டுப் பொட்டாக விலகி, அரை விரல் தூரத்தில் காணாமல் போகும். அந்த ஓரம் சரியாக வந்தால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

வெட்டுவதற்கு த்ரெஷோல்ட்டை விட லெவல்ஸ் மேல். கறுப்பு 118, வெள்ளை 138, நடு 1.00 என்று வைத்தால் இடையில் 20 படிகள் மிஞ்சும். நிஜ ஃபிலிமின் வெட்டும் இப்படிச் செங்குத்துதான், ஆனால் சுவர் அல்ல. நினைவகம் போதாமல் படத்தைப் பெரிதாக்க முடியாதவர்களுக்கு இது ஒன்றே கைகொடுக்கும். அப்போது மேலே சொன்ன பிளர் அளவுகளைப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும், கிரெயின் லேயரின் லெவல்ஸை மட்டும் மறுபடி பார்த்து வைக்கவும்.

இதற்கு மேல் நேரம் பிடிப்பது டாட்ஜ், பர்ன், அதாவது இடம் பார்த்து வெளுக்கவும் கறுக்கவும் வைப்பது. நிழல் பக்கக் கன்னம் 112, பின்னணி 105 என்று இன்ஃபோ பேனல் காட்டினால் வெட்டு இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடும். முகம் முழுவதையும் தூக்கக் கூடாது, தட்டையாகிவிடும். கிரெயினுக்கு அடியில் இன்னொரு ஓவர்லே சாம்பல் லேயர் வைத்து, 5 சதவீத வெள்ளைத் தூரிகையால் தாடை விளிம்பை மட்டும் 140 வரை ஏற்றினால் ஒரு மெல்லிய கீற்று பிரிந்து வரும், மிச்சத்தைப் பார்ப்பவர் கண் நிரப்பிக்கொள்ளும். லெவல்ஸ் லேயர் மேலே ஓடிக்கொண்டிருக்கும்போதே தீட்டலாம், ஒவ்வொரு தீற்றலுக்கும் வெட்டு நகர்வது தெரியும். இருட்டறையில் இந்த வசதி கிடையாது.

ஒரு எச்சரிக்கை. ஜூமைக் குறைத்துப் பார்த்தால் போட்டோஷாப் சிறிதாக்கிய நகலின் மேல்தான் வெட்டைப் போட்டுக் காட்டுகிறது. அதில் கிரெயின் கரைந்து, படம் உண்மையை விட மொழுமொழுவென்று தெரியும். அதை நம்பி அளவை மாற்றினால் ஏற்றுமதி செய்தபின் அதிர்ச்சிதான். முடிவெடுப்பதெல்லாம் 100 சதவீதத்தில்.

விலைக்குக் கிடைக்கும் ப்ரீசெட்கள் எதையும் பரிந்துரைக்க மனம் வரவில்லை. வெட்டு எண் படத்துக்குப் படம் மாறும், ப்ரீசெட்டுக்கு அது தெரியாது. செயற்கை நுண்ணறிவு நாய்ஸ் நீக்கமும் இங்கே கெடுதல். அது விட்டுச்செல்லும் நெளிவுகள் வெட்டுக்குப் பிறகு புழு ஊர்ந்த தடமாகத் தெரியும். பனிமூட்டம், மேகமூட்டமான நாளின் பரவிய ஒளி இரண்டிலும் இந்த முறை தோற்கும். ஒரே பக்கத்திலிருந்து வரும் கடின ஒளி இருந்தால் பாதி வேலை எடுக்கும்போதே முடிந்தது.

சேமிப்பில் இரண்டு வழி. இணையத்துக்கு என்றால் காட்டப்போகும் அளவுக்கே சிறிதாக்கி பிஎன்ஜி. தளமே சிறிதாக்கினால் கிரெயினில் அலையலையாகக் கோலம் விழும், ஜேபெக் என்றால் விளிம்பைச் சுற்றி அழுக்குப் படியும். அச்சுக்கு என்றால் 600 பிபிஐக்கு (அங்குலத்துக்கு 600 பிக்சல்) மேல் 1-பிட் (கறுப்பும் வெள்ளையும் மட்டும்) டிஃப், சிசிஐடிடி குரூப் 4 என்ற சுருக்கம். கோப்பு வியக்கத்தக்க அளவு சிறிதாக வரும். 1-பிட் ஆக்கியபின் அளவை மாற்றக் கூடாது, பிக்சல்கள் ஒழுங்கில்லாமல் விழுந்து கோடுகள் தடித்தும் மெலிந்தும் போகும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் லேயர்கள் உள்ள மூலக் கோப்புக்குத் திரும்பி, புது அளவில் மறுபடி வெட்டுங்கள்.