10-18ஆ, 18-135ஆ? கிட் லென்ஸுக்கு அடுத்து எதை வாங்குறது

கேனான் 200டி மாதிரி ஒரு ஏபிஎஸ்-சி (சின்ன சென்சார்) கேமரா பாடி, கூடவே வந்த 18-55 எம்எம் கிட் லென்ஸ் (எம்எம் எண் சின்னதா இருந்தா அகலமா தெரியும், பெருசா இருந்தா தூரத்துல இருக்கிறத கிட்ட இழுக்கும்), இது ரெண்டையும் வச்சு கொஞ்ச நாள் எடுத்தவங்க எல்லாருக்கும் அடுத்து வர்ற கேள்விதான் இது. இஎஃப்-எஸ் 10-18 அல்ட்ரா வைடு வாங்குறதா, இல்ல 18-55ஐ தள்ளிவிட்டுட்டு 18-135 யுஎஸ்எம் வாங்கி எல்லாத்துக்கும் அத ஒண்ணையே மாட்டிக்கிறதா. நான் 10-18 பக்கம் போனேன், இன்னிக்கும் அதான் சரின்னு சொல்வேன், ஆனா நான் எடுக்கிறது பெரும்பாலும் கோயிலும் பழைய வீடுகளும், அத மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

18-135 பத்தி எல்லாருக்கும் தெரிஞ்சத சீக்கிரம் சொல்லிடறேன். ஒரே லென்ஸ், கழட்டி மாட்டுற வேலை இல்ல, ஃபோகஸ் வேகமா இருக்கும், 515 கிராம். 10-18 அதுல பாதி கூட இல்ல, 240 கிராம்தான். ரெண்டுலயும் ஐஎஸ், அதாவது கை ஆட்டத்த சமாளிக்கிற வசதி, இருக்கு. இன்னொரு விஷயம், கையில 18-55 இருக்கிறவருக்கு 18-135 புதுசா குடுக்கிறது 55க்கு மேல உள்ள தூரம் மட்டும்தான், 10-18 குடுக்கிறது முழுக்க புதுசு.

நான் முடிவு பண்ணதுக்கு காரணம் ஒண்ணே ஒண்ணு, கேமராவ அண்ணாந்து தூக்காம கோபுரத்த எடுக்க முடியுமா முடியாதா. கேமராவ மேல சாய்ச்ச உடனே கோபுரம் பின்னாடி சாஞ்சு விழப்போற மாதிரி வரும்ல, அது லென்ஸோட குறை இல்ல, சென்சார் சுவருக்கு இணையா இல்லாம போறதால வர்றது. கேமராவ நேரா பிடிச்சா கோடெல்லாம் நேரா நிக்கும், ஆனா அப்படி பிடிச்சா உச்சி ஃப்ரேமுக்குள்ள வரணுமே. போர்ட்ரெய்ட்டா, அதாவது நெட்டுக்குத்தா, நேரா பிடிச்சு 18ல பார்த்தா, நாம நிக்கிற தூரத்துல சுமார் 62 சதவீத உயரம்தான் கண் மட்டத்துக்கு மேல தெரியும், 10ல அந்தத் தூரத்துக்கு 1.1 மடங்கு தெரியும். மதுரை தெற்கு கோபுரத்த எடுத்துக்கோங்க, கிட்டத்தட்ட 52 மீட்டர், அதை 18ல நேரா எடுக்க 80 மீட்டர் பின்னாடி போகணும், 10ல 45 மீட்டர் போதும். கோயிலச் சுத்தி இருக்கிற சித்திரை வீதி அகலம் என்னன்னு அங்க நின்னவங்களுக்கு தெரியும், 80 மீட்டருக்கு முன்னாடியே எதிர் கட்டடம் முதுகுல இடிச்சிடும். 45க்கே எதிர்ல ஏதாவது சந்து கிடைச்சாதான் ஆச்சு.

சாய்ச்சு எடுத்துட்டு அப்புறமா லைட்ரூம் சாஃப்ட்வேர்ல நிமித்திக்கலாமேன்னு கேப்பாங்க. நிமித்தலாம், ஆனா அது உச்சியத்தான் இழுத்து அகலமாக்குது, கலசத்துக்கிட்ட இருக்கிற சுதைச் சிற்பமெல்லாம் குழைஞ்சு போகுது, கீழ ரெண்டு பக்கமும் முக்கோணமா வெட்டுப்பட்டு போகுது. 10ல நேரா எடுத்தா கீழ் பாதி முழுக்க தரையா வரும், அத வெட்டி எறிஞ்சாலும் 24 மெகாபிக்சல்ல 12 கிட்ட மிஞ்சும், ஏ4 பிரிண்டுக்கு தாராளம், சிற்பமும் எடுத்தது எடுத்தபடி இருக்கும்.

வீட்டுக்குள்ளயும் இதே கதைதான். செட்டிநாட்டு வீட்டு வளவுல (தூண் சூழ்ந்த முற்றம்) சுவரோட சுவரா ஒட்டி நின்னாலும் 18ல ஒரு பக்கத்துல நாலஞ்சு தூணுக்கு மேல வராது. 10ல போட்டு, முட்டி உயரத்துக்கு கேமராவ இறக்கி, லைவ் வியூல (கேமரா பின் திரையில) கிரிட் கோடு போட்டு ரெண்டு ஓரத்துத் தூணையும் கோட்டோட ஒட்ட வைங்க, ஆத்தங்குடி கல் முன்னாடி பெருசா விரிஞ்சு வரும், தேக்குத் தூண் ஒண்ணு கூட சாயாது. கொஞ்சம் அசைஞ்சாலும் தூணெல்லாம் விசிறியா விரிஞ்சிடும், அதுக்கு பொறுமை வேணும். வெளிச்சத்த உள்ள விடுற துவாரம் அதிகபட்சமே எஃப் 4.5தான்றதால இருட்டுல கஷ்டம்னு சொல்வாங்க, தூண் ஓடிடவா போகுது, ஐஎஸ் இருக்கிறதால 1/8 செகண்ட் வரைக்கும் கையிலயே பிடிச்சிடலாம். தொல்லியல் துறை இடங்கள்ல ட்ரைபாடுக்கு தனியா அனுமதி வாங்கணும்ன்றப்ப இது பெரிய உதவி.

18-135 ஜெயிக்கிற இடமும் இருக்கு. தஞ்சாவூர் பெரிய கோயில் பிரகாரம் அவ்வளவு விசாலம், 18லயே விமானத்த அடக்க பின்னாடி போக இடம் இருக்கு, அப்புறம் நின்ன இடத்துல இருந்தே 135க்கு இழுத்து மேல் நிலை சிற்பத்த தனியா எடுக்கலாம், 10-18ஆல அது கனவுலயும் நடக்காது. தேர்த் திருவிழா கூட்டத்துல, புழுதியில லென்ஸ் மாத்தவே முடியாது, அங்கயும் அதான். ஆளுங்கள எடுக்கவும் 10-18 வேண்டாம், குரூப் போட்டோவுல ஓரத்துல நிக்கிறவங்க முகம் இழுபட்டு, பார்த்தா அவங்களுக்கே பிடிக்காது. கல்யாண வீடியோவுக்கு 18-135 நல்லாருக்கும்னு தொழில்ல இருக்கிறவங்க சொல்றாங்க, நான் முழு நாள் கல்யாணம் எடுத்ததில்ல, அதனால அவங்க பேச்சத்தான் நம்பணும்.

ரெண்டுமே டிஎஸ்எல்ஆர் காலத்து லென்ஸ், செகண்ட் ஹேண்ட்ல வாங்குறதுதான் புத்திசாலித்தனம், நாளைக்கு ஆர்50, ஆர்10னு கேனான் மிரர்லெஸ் கேமராவுக்கு மாறினாலும் அடாப்டர் போட்டு ஓட்டலாம். ஏற்கனவே மிரர்லெஸ்ல இருக்கிறவங்க 2023ல வந்த ஆர்எஃப்-எஸ் 10-18ஐ பாருங்க, 150 கிராம்தான். பழைய ரெண்டுக்கும் ஃபில்டர் சைஸ் 67 எம்எம், ஒண்ணு வாங்கினா ரெண்டுக்கும் ஆச்சு. ஆனா போலரைசர (வானத்த கருநீலமாக்குற ஃபில்டர்) மட்டும் 10ல மாட்டி வெயில்ல வானத்த எடுக்காதீங்க, ஒரு பக்கம் கருநீலம், ஒரு பக்கம் வெளிறினு திட்டுத்திட்டா வரும்.