அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு சமையல் வகுப்பு

கடந்த தை மாதம் எங்கள் பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்தைக் கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டில் நடத்தினோம். பட்டும் வெள்ளிக் குத்துவிளக்கும் உறவினர்கள் எடுத்துவிடுவார்கள் என்பதால், பிள்ளைகள் நாங்கள் மூவரும் சேர்ந்து, புதுச்சேரியில் ஒரு பெண்மணி தம் வீட்டிலேயே நடத்தும் ஒரு நாள் சமையல் வகுப்புக்கு இருவர் பெயரிலும் பரிசுச் சீட்டு வாங்கிக் கொடுத்தோம். இத்தனை ஆண்டுகள் அடுப்படியிலேயே நின்ற அம்மாவுக்கு வகுப்பு எதற்கு என்று சித்தி கேட்டார். உண்மையில் அது அப்பாவுக்கான பரிசு. முழங்கால் வலியோடு அம்மா மூன்று வேளையும் தனியாகச் சமைப்பது இனி நடக்காது. அதே நேரம், அம்மா உடன் வராத வகுப்புக்கு அப்பா கிளம்பியிருக்கவும் மாட்டார்.

மதியச் சாப்பாட்டையும் சேர்த்துக் கட்டணம் ஒருவருக்கு 1,750 ரூபாய். காலையில் பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்குவதிலிருந்தே பாடம் தொடங்கிவிடுகிறது. செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றுப் பக்கம் விரலால் அழுத்தி, பள்ளம் விழாத மீனை எடுக்க வேண்டும் என்று ஆசிரியை சொல்லிக் கொடுத்தார். கடலூர் துறைமுகத்து மீனிலேயே வளர்ந்த அப்பா, வாழ்நாளில் முதன்முறையாகத் தம் கையால் ஒரு சங்கராவின் செவுளைத் திறந்து பார்த்தது அன்றுதான்.

வகுப்பின் சிறப்பு மீன் குழம்புதான். குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகே மீனைப் போட வேண்டும், போட்டபின் கரண்டி படக்கூடாது என்பது அம்மாவுக்குப் பாடம் அல்ல. ஆனால் அப்பா பழக்கமின்றிக் கரண்டியை எடுத்ததும் அம்மாவின் கை தானாக நீண்டது. ஆசிரியை மெல்லத் தடுத்து, "அம்மா, நீங்க உட்காருங்க, ஐயாவே செய்யட்டும்" என்றார். பிறகு மண்சட்டியின் விளிம்பை இரு புறமும் துணியால் பிடித்து எப்படிச் சுழற்றிவிட வேண்டும் என்று காட்டி, சட்டியை அப்பாவிடமே கொடுத்தார். அந்த ஒரு நிமிடத்துக்காகவே கொடுத்த பணம் தகும் என்று எனக்குத் தோன்றியது.

கடைசியில் வடகத்தை நல்லெண்ணெயில் பொரித்துக் கொட்டியபோது அறை முழுக்க மணம் நிறைந்தது. சின்ன வெங்காயம், பூண்டு, உளுத்தம்பருப்பு, கடுகு, வெந்தயம், சீரகம் ஆகியவற்றைக் கலந்து, நாள்தோறும் வெயிலில் காயவைத்து, மாலையில் மறுபடி உருட்டிச் செய்யும் நம் வீட்டு வடகத்தைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் 'வதுவான்' என்ற பெயரில் தங்கள் சமையலில் சேர்த்துக்கொண்டார்கள் என்பதை ஆசிரியை விளக்கினார். கோடையில் வடகம் போடும் அம்மாவுக்கே அது புதுச் செய்தி. மற்ற பதார்த்தங்களான ரசமும் பொரியலும் எந்த வீட்டிலும் கற்கக்கூடியவை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பத்துப் பேருக்கு நான்கே அடுப்புகள் இருந்ததால், பொரியல் நேரத்தில் பலர் வேடிக்கை பார்க்க நேர்ந்தது. சமையல் குறிப்புத் தாளை ஆங்கிலத்தில் மட்டுமே அச்சிட்டிருந்தார்கள்; தமிழ்க் குடும்பங்கள் தேடி வரும் இடத்தில், புதுச்சேரி மண்ணின் குழம்பைத் தமிழில் எழுதித் தராதது எனக்கு வருத்தமாக இருந்தது. அன்றிரவே நான் உட்கார்ந்து அப்பாவுக்காக அதைத் தமிழில் எழுதி, 'கப்' அளவுகளை எங்கள் வீட்டு ஆழாக்குக்கு மாற்றினேன். சீட்டு மூன்று மாதத்துக்குத்தான் செல்லும் என்பதையும் வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. வகுப்பு சனிக்கிழமைகளில் மட்டும் என்பதாலும், அம்மாவின் மருத்துவப் பரிசோதனைகளுக்கு நடுவே நாள் கிடைக்காததாலும், கடைசி வாரத்தில்தான் போக முடிந்தது. ஆகவே பெரியவர்களுக்கு இப்பரிசை வாங்குவோர், சீட்டின் கெடு எதுவரை, ஓர் அடுப்புக்கு எத்தனை பேர், இடையில் உட்கார நாற்காலி உண்டா என்ற மூன்றையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வகுப்பு முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு இப்போது அப்பாவின் பொறுப்பு. புளி சில நாள் கூடிவிடுகிறது. சட்டியைச் சுழற்றும்போது மட்டும் ஒரு துண்டு மீனும் உடைவதில்லை. அம்மா கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வடகம் பொரியும் சத்தத்தை வைத்தே, "போதும், இறக்குங்க" என்கிறார்.