ஒகோனோமியாக்கி: ஒசாகா முறையா, ஹிரோஷிமா முறையா?

மாங்கா, அனிமே எனும் ஜப்பானியச் சித்திரக்கதை, அசைவூட்டப் பட ரசிகர்களின் பேச்சு சாப்பாட்டுப் பக்கம் திரும்பும்போது, இரும்புக் கல்லில் சுடப்படும் ஜப்பானிய முட்டைக்கோஸ் அடையான ஒகோனோமியாக்கியில் எந்த ஊர்ப் பக்குவம் சிறந்தது என்ற வாதமும் உடன் வந்துவிடுகிறது. ஒசாகாவில் நறுக்கிய முட்டைக்கோஸையும் முட்டையையும் கோதுமை மாவில் முன்னதாகவே கலந்து தடிமனாக வார்க்கிறார்கள். துருவிய நாகாய்மோ கிழங்கு சேர்ந்தால் உட்புறம் மிருதுவாகிறது. ஹிரோஷிமாவிலோ, மாவை மெல்லிய தோசைபோல் தேய்த்து, அதன்மேல் முட்டைக்கோஸைக் குவித்து, முளைப்பயறு, பன்றி இறைச்சி என அடுக்கிப் புரட்டியபின், நூடுல்ஸும் முட்டையும் சேர்க்கிறார்கள். முட்டைக்கோஸ் தன் நீராவியிலேயே வெந்து இனிப்பேறுவதுதான் இதன் நுட்பம். வீட்டுச் சமையலுக்கு ஒசாகா முறையே எளிது. அடுக்கு கலையாமல் புரட்டுவதற்குத் தேர்ந்த கை வேண்டுமென்பதால், ஹிரோஷிமா வகையைக் கடையில் உண்பதே உத்தமம். ஆயினும் சுவையில் என் வாக்கு அதற்கே.