ஆகஸ்டா, டிசம்பரா? சிங்கப்பூரிலிருந்து விண்கல் மழை பார்க்க ஏற்ற காலமும் இடமும்

உலகின் இரவு வான வெளிச்சத்தை அளந்து 2016இல் வெளியான வரைபடத் தொகுப்பு, ஒளி மாசு மிக அதிகமுள்ள நாடாகச் சிங்கப்பூரைக் குறிப்பிட்டது. இங்கு எவருடைய கண்ணும் வீட்டருகே இரவுப் பார்வைக்கு முழுமையாகப் பழக முடியாத அளவுக்கு வானம் வெளிறியிருக்கிறது. இந்த வானத்தின் கீழும் விண்கல் மழையைப் பார்க்க முடியும். ஆனால் எந்த மாதம், எந்த மணி, எந்த இடம் என்பதை முன்கூட்டியே யோசித்து முடிவுசெய்ய வேண்டும். வேலைக்கும் பள்ளிக்கும் போகும் குடும்பத்தினர் தூக்கத்தை விட்டுக்கொடுக்கக்கூடிய இரவு ஆண்டுக்கு ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டு, பெயர்பெற்ற இரண்டு பொழிவுகளையும் இங்கே ஒப்பிடுகிறேன்.

ஆகஸ்டு 12, 13 தேதிகளில் உச்சம் பெறும் பெர்சியட் பொழிவு, ஸ்விஃப்ட்–டட்டில் வால்வெள்ளி விட்டுச்சென்ற துகள்களால் உண்டாவது. 1862இல் கண்டறியப்பட்ட அந்த வால்வெள்ளி, சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ 133 ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. கடைசியாக 1992இல் வந்துபோனது. டிசம்பர் 14ஐ ஒட்டி உச்சம் பெறும் ஜெமினிட் பொழிவுக்கோ, 1983இல் கண்டறியப்பட்ட ஃபேத்தான் என்ற பாறைப்பொருள் மூலம். பெர்சியட் துகள்கள் நொடிக்கு 59 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுமண்டலத்துக்குள் பாய்கின்றன. ஜெமினிட் துகள்களின் வேகம் 35 கிலோமீட்டர் மட்டுமே. பெர்சியட் விண்கல் ஒரு கீற்றாகத் தோன்றி மறைய, ஜெமினிட் விண்கல் சற்று நிதானமாக வானைக் கடப்பதால், முதன்முறையாகப் பார்க்கும் சிறுவர்களுக்கும் பிடிபடுகிறது.

இந்த இரண்டில் நமக்கு எது ஏற்றது என்பதை முதலில் நம் அட்சரேகை தீர்மானிக்கிறது. விண்கற்கள் எல்லாம் வானில் ஒரே புள்ளியிலிருந்து புறப்பட்டு வருவதுபோல் தோன்றும். பெர்சியட் பொழிவின் தோற்றப்புள்ளி வானின் வடகோடிப் பகுதியில் இருப்பதால், நிலநடுக்கோட்டை ஒட்டியிருக்கும் நமக்கு அது நள்ளிரவு கடந்து ஒரு மணிவாக்கில்தான் எழுகிறது. விடியும்வரை காத்திருந்தாலும் அடிவானிலிருந்து 30 பாகையைச் சற்றுத் தாண்டியே நிற்கிறது. ஜெமினிட் பொழிவின் தோற்றப்புள்ளி மிதுனத்தில், புனர்பூசத்தின் இரட்டை விண்மீன்களுக்கு அருகே உள்ளது. அது இரவு ஒன்பது மணிவாக்கில் எழுந்து, அதிகாலை மூன்று மணிக்கு 58 பாகை உயரத்துக்கு ஏறிவிடுகிறது. ஆகஸ்டில் நல்ல நேரம் என்பது மூன்று மணி முதல் ஐந்தே முக்கால் வரையிலான குறுகிய இடைவெளி. டிசம்பரிலோ பத்து மணி முதல் விடியும்வரை வாய்ப்பு நீள்கிறது.

செய்திகளில் வரும் ‘மணிக்கு 100’, ‘மணிக்கு 150’ ஆகிய விண்கல் எண்ணிக்கைகள், தோற்றப்புள்ளி உச்சந்தலைக்கு நேர்மேலே இருந்து, பொலிவெண் (எண் கூடக்கூட விண்மீன் மங்கலாகும்) 6.5 வரையிலான மங்கலான விண்மீன்களும் தெரியும் கும்மிருட்டில் பார்ப்பவருக்கே பொருந்தும். நம் கடற்கரைப் பூங்காக்களில் பொலிவெண் 3.5 வரை தெரிந்தால் நல்ல இரவு என்றே சொல்ல வேண்டும். வழக்கமான திருத்தச் சூத்திரத்தில் இதையும் தோற்றப்புள்ளியின் உயரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், பெர்சியட் பொழிவில் மணிக்கு ஏறத்தாழ ஐந்தும் ஜெமினிட் பொழிவில் ஏழும்தான் தேறும். அதைவிட ஒரு படி இருண்ட, பொலிவெண் 4.5 வரை தெரியும் இடத்துக்குப் போனால் அவை முறையே பத்தாகவும் பத்தொன்பதாகவும் உயரும். ஜெமினிட் பொழிவில் மங்கலான விண்கற்களின் விகிதம் கூடுதல் என்பதால், இருண்ட இடத்தைத் தேடிப்போகும் உழைப்புக்கு அது அதிகப் பலன் தருகிறது.

உங்கள் இடம் எவ்வளவு இருட்டு என்பதை டிசம்பரில் எளிதாகச் சோதிக்கலாம். நள்ளிரவுக்குப் பின் ஒரு மணியளவில் ஓரியன் என்ற வேட்டைக்கார விண்மீன்கூட்டம் தலைக்கு மேலே நிற்கும். இடுப்பில் வரிசையாக உள்ள மூன்று விண்மீன்கள் பெரும்பாலான இடங்களில் தெரியும். ஒரு தோளிலுள்ள திருவாதிரைக்கும் எதிர்த் தோளிலுள்ள விண்மீனுக்கும் நடுவே, சற்று வடக்கே தள்ளியிருக்கும் மிருகசீரிடத்தைத் தேடுங்கள். அது கண்ணுக்குத் தென்பட்டால், மேற்சொன்ன ஐந்து, ஏழு என்ற கணக்கு உங்களுக்குப் பொருந்தும். தென்படாவிட்டால் விளக்குகளிலிருந்து இன்னும் விலகிப்போக வேண்டும்.

டிசம்பருக்கு எதிராக எல்லோரும் சொல்லும் வாதம் மழை. வடகிழக்குப் பருவமழையின் ஈரமான கட்டம் அப்போதுதான் நடக்கிறது. சில ஆண்டுகளில் இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும். ஆனால் ஆகஸ்டும் நாம் நினைக்கும் அளவுக்குப் பாதுகாப்பானதல்ல. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைமழை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும்தான் நம்மைத் தாக்குகிறது; பெர்சியட் பொழிவுக்கு உரிய நேரமும் அதுவே. புகைமூட்டம் வரக்கூடிய மாதமும் ஆகஸ்டுதான். டிசம்பரில் ஏறத்தாழ எட்டு மணி நேர இரவு கையிலிருக்கும்போது, மேகம் விலகும் அரைமணி நேரம் எப்போதாவது கிடைத்துவிடும். மூன்று மணி நேரத்துக்கும் குறைவான ஆகஸ்டு இடைவெளியில் ஒரு மேகக்கூட்டம் வந்து நின்றால் அந்த ஆண்டு அதோடு முடிந்தது. என் தேர்வு டிசம்பராக இருப்பதற்கு எண்ணிக்கையைவிட இதுவே பெரிய காரணம். பள்ளி விடுமுறைக்காலம் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

மே முதல் வாரத்தில் ஹேலி வால்வெள்ளியின் துகள்கள் தரும் பொழிவு நம் அட்சரேகைக்கு இணக்கமானதுதான். ஆனாலும் நகர வெளிச்சத்தில் மணிக்கு இரண்டு மூன்றுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

இடங்களைப் பொறுத்தவரை, புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதி, கோனித் தீவுப் பூங்கா ஆகியவை மாலை ஏழு மணிக்கே மூடப்படுவதால் பட்டியலில் சேரா. லிம் சூ காங் இருட்டானது; ஆனால் ராணுவப் பயிற்சி நிலங்களின் வேலிகளுக்கு அருகே திரியக்கூடாது, பின்னிரவில் பேருந்தும் இல்லை. புலாவ் உபின் தீவில் விளக்குகள் குறைவு. சாங்கியிலிருந்து அங்கு செல்லும் பம்போட் என்ற சிறு படகு பகலிலும் முன்னிரவிலும்தான் ஓடும் என்பதால், ஜெலுத்தோங் அல்லது மாமாம் முகாம் தளத்தில் இரவு தங்கியாக வேண்டும். அங்கும் வடக்கே பாசிர் கூடாங் தொழிற்பேட்டையின் வெளிச்சம் அடிவானை வெளிறச் செய்கிறது.

குழந்தைகளோடு போவோருக்குக் கிழக்குக் கடற்கரைப் பூங்காவையே நான் சொல்வேன். கூடாரம் அடிக்கத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். பாய் விரித்துப் படுக்க அனுமதி தேவையில்லை. பாதை விளக்கை ஒரு மரத்தின் அடிப்பகுதி மறைக்கும்படி இடம்பார்த்து, கடலை நோக்கிப் படுத்துக்கொள்ளுங்கள். நங்கூரமிட்ட கப்பல்களின் வெளிச்சத்துக்கு மேலே, இரண்டு மணிவாக்கில் அகத்திய விண்மீன் தெற்கே நேராக நிற்கும். தோற்றப்புள்ளி முதுகுப்பக்கம் உயரத்தில் இருப்பதால், விண்கற்கள் தலைக்கு மேலாக வந்து கடல்பக்கம் நீண்ட கோடுகளாக இறங்கும். பெர்சியட் பொழிவுக்கு இந்தத் திசை பயன்படாது. வடகிழக்கு திறந்திருக்கும் சாங்கிக் கடற்கரையே அதற்கு ஏற்றது. விமானங்களின் விளக்குகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஜோகூருக்குப் போகலாமே என்பவர்கள் மாதத்தைப் பார்க்க வேண்டும். மெர்சிங், தெசாரு கரைகள் ஆகஸ்டில் அருமையானவை. டிசம்பரில் பருவமழை நேராக வந்து மோதுவது அந்தக் கிழக்குக் கரையில்தான், கடற்பாலத்தில் விடுமுறை நெரிசலும் சேரும்.

2026இல் இரண்டு பொழிவுகளுக்குமே நிலவு தொல்லை தராது. ஆகஸ்டு 12 அமாவாசை. மறுநாள் விடியல் பெர்சியட் உச்சத்துக்கு மிக அருகில் வருகிறது, ஆனால் அது வியாழக்கிழமை. ஜெமினிட் உச்சம் டிசம்பர் 14 இரவில் வருகிறது; வளர்பிறை நள்ளிரவு வாக்கில் மறைந்துவிடும். 14ஆம் தேதி இரவை முதன்மையாகவும், ஞாயிற்றுக்கிழமையான முந்தைய இரவை மாற்றாகவும் வைத்துக்கொண்டு, அன்று மாலை மழைமேக ரேடார் படத்தைப் பார்த்தபின் எந்த இரவு என்று முடிவுசெய்யுங்கள். கைத்தொலைபேசியைப் பையில் வைத்துவிட்டு, கண் பழக இருபது நிமிடமாவது கொடுங்கள்.