உள்நுழையச் சொல்லும் பெட்டிகள்: இரண்டு வருட அனுபவம்

அம்மா கைபேசியில் ஒரு சமையல் குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார். மாவு ஒட்டிய விரலால் பக்கத்தைத் தள்ளும்போது கூகுள் கணக்கால் உள்நுழையச் சொல்லும் ஒரு பெட்டி கீழிருந்து எழும்பி வந்தது. விரல் ‘தொடரவும்’ மீது பட்டுவிட்டது. அவ்வளவுதான், அவருடைய பெயர், மின்னஞ்சல், படம் மூன்றும் அந்தத் தளத்துக்குப் போய்விட்டன. உடனே வரவேற்பு மின்னஞ்சலும் வந்தது. இதற்குள் பாகு முறுகிவிட்டது.

அன்றைக்கே இதை நிறுத்த வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

முதலில் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், உள்நுழைவு அழைப்புகளை அணைத்தேன். ஓரளவு பலன் இருந்தது. ஆனால் அது அந்த ஒரு கணக்குக்கு மட்டும்தான். என்னிடம் மூன்று கணக்குகள், மூன்றிலும் தனித்தனியாக அணைக்க வேண்டியிருந்தது. கணினியில் குரோமின் தள அமைப்புகளிலும் ‘மூன்றாம் தரப்பு உள்நுழைவு’ என்று ஒன்று உண்டு. அதையும் தடுத்து வைத்தேன்.

கடைசியில் நிலைத்து நின்றது ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும், அதில் விளம்பரங்களையும் வேண்டாத நிரல்களையும் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியும்தான். இந்தப் பெட்டியை வரவைக்கும் நிரல், கூகுளின் கணக்கு முகவரியில் ‘ஜிஎஸ்ஐ’ என்ற பாதையிலிருந்து வருகிறது. மற்ற தளங்கள் அதை அழைக்கும்போது தடுக்கச் சொல்லி அந்த நீட்சியின் ‘மை ஃபில்டர்ஸ்’ பகுதியில் ஒரே ஒரு வரி எழுதினேன். நிரலே வராதபோது பெட்டி எங்கிருந்து வரும்? ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸிலும் இந்த நீட்சி வேலை செய்வதால் அம்மாவின் கைபேசியிலும் போட்டுவிட்டேன். இரண்டு வருடமாக அவர் நிம்மதியாகச் சமைக்கிறார்.

ஒரு சிக்கல் உண்டு. கூகுள் கணக்கு வழியாகவே நுழைய வேண்டிய தளங்களில் சில நேரம் உள்நுழையும் பொத்தானும் காணாமல் போய்விடும். மின்கட்டணம் கட்டுகிற அவசரத்தில் ஒருமுறை பொத்தானைத் தேடித் திணறினேன். அந்தத் தளத்துக்கு மட்டும் நீட்சியை நிறுத்தியதும் சரியாகிவிட்டது. இதை அம்மாவுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அப்புறம், கூகுள் கணக்கோடு ஏற்கெனவே இணைந்திருக்கும் தளங்களையும் பாருங்கள். அம்மாவின் கணக்கில் பதினொரு தளங்கள் இருந்தன. பாதி அவருக்கே தெரியாதவை. எல்லாவற்றையும் நீக்கினோம். அந்தத் தளங்களிடம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்த விவரம் அதனால் அழியாது. அதற்குத் தளம் தளமாகப் போய்க் கணக்கை அழிக்க வேண்டும். இதுவரை நான்கு முடித்திருக்கிறோம்.