துபாய் போகும் மனைவிக்கு ஊரில் லைசென்ஸ் எடுக்கிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று நம் கடற்கரை ஊர்களில் இருந்து வளைகுடாவுக்குப் போய் வேலை பார்க்கிறவர்களுக்காக எழுதுகிறேன். முக்கியமாக, மனைவியை அங்கே அழைத்துக்கொள்ள விசாவுக்கு அலைந்துகொண்டிருப்பவர்களுக்கு. எந்த ட்ரைவிங் ஸ்கூல் என்று இங்கே எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் நடக்கட்டும். எங்களுக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

2024 ஏப்ரலில் என் காக்காதான், அதாவது அண்ணன்தான், போன் பண்ணினார். ஒரு ஸ்கூலில் ‘கல்ஃப் பேக்கேஜ்’ என்று போட்டிருக்கிறார்களாம், எல்.எல்.ஆர், பயிற்சி, லைசென்ஸ், இன்டர்நேஷனல் பெர்மிட் எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய் என்றார். மனைவி வண்டி ஓட்டினால் துபாயில் குடும்பம் நடத்துவது எவ்வளவு சுலபம் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நான் டூட்டிக்குப் போனால் திரும்பி வர இரவு எட்டு மணி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட நான் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் நானே அந்த ஸ்கூல்காரரிடம் பேசினேன். “துபாய்ல இறங்குன அன்னைக்கே ஓட்டலாம் சார். ரெசிடென்ஸ் விசா அடிச்சாலும் பெர்மிட் ஒரு வருஷம் செல்லும். அதுக்குள்ள நம்ம லைசென்ஸை அப்படியே மாத்திக்கலாம். மாத்தலைன்னாலும் அங்க கிளாஸ் பாதிதான் வரும்” என்றார். தடுமாறாமல் சொன்னார்.

துபாயில் லைசென்ஸ் வைத்திருக்கிற நீயே இதை நம்பினாயா என்று கேட்பீர்கள். எனக்கு 2011-ல் கம்பெனியே எடுத்துக் கொடுத்தது. அதற்குப் பிறகு அந்த விதிகள் பக்கம் நான் போனதே இல்லை. இப்போது இந்தியாக்காரர்களுக்கும் மாற்றிக் கொடுக்கிறார்கள் என்று ரூமில் பேசிக்கொண்டதும் காதில் விழுந்திருந்தது. விசாரிக்காமல் பணம் அனுப்பினேன், அது என் தவறு.

ஜூன் கடைசியில் லைசென்ஸ் வந்துவிட்டது. மனைவி வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பியபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆகஸ்டில் லீவில் ஊருக்கு வந்தேன். ஒரு நாள் பஜ்ர் என்கிற அதிகாலைத் தொழுகை முடிந்த கையோடு காக்காவின் ஆல்ட்டோவை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் திருப்புல்லாணி வழியாகச் சேதுக்கரை ரோட்டுக்குப் போனோம். அமாவாசை நாட்களில் அங்கே குளிக்க வருகிற வண்டிகள் நெருக்கியடிக்கும். மற்ற நாட்களில் காலையில் ஆடுகளும் மயில்களும்தான். அவளை ஓட்டச் சொல்லிவிட்டு நான் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். ஸ்டார்ட் பண்ணினாள், முதல் கியர் போட்டாள். வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆனது. மறுபடி, மறுபடி. நாலாவது தடவை அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“கிளட்ச்சை மெதுவா விடும்மா.”

“மெதுவாத்தான் விடுறேன் மச்சான். மாஸ்டர் வண்டி இப்படிக் குதிக்காது.”

அப்போதுதான் குனிந்து அவள் இடது காலைப் பார்த்தேன். குதிகால் தரையில் ஊன்றவே இல்லை. பாதம் முழுவதையும் ஒரேயடியாகத் தூக்கிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் எப்படி விடச் சொன்னார் என்று கேட்டேன். “கிளட்ச்சை நான் பாத்துக்கிறேன், நீங்க ஸ்டீயரிங்கை மட்டும் நேராப் பிடிங்கம்மான்னுதான் சொல்வாரு” என்றாள். கியர்? “அதுவும் அவருதான். கையை நீட்டிப் போட்டுருவாரு.”

பயிற்சி வண்டியில் மாஸ்டர் பக்கமும் கிளட்ச்சும் பிரேக்கும் இருக்கும். அப்படி இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, ஆபத்தில் அவர் மிதித்து நிறுத்துவதற்காக. இவர்கள் அதைக் கடைசிவரை அவரே ஓட்டுவதற்கு வைத்துக்கொண்டார்கள். என் மனைவி ஒரு நாளும் வண்டி ஓட்டவில்லை, ஓடுகிற வண்டியில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். டெஸ்ட்டுக்குப் போனதும் அதே வண்டி, பக்கத்தில் அதே மாஸ்டர், முதல் கியரில் கொஞ்ச தூரம்.

மொத்தம் எத்தனை நாள் போனாய் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணி ஒன்பது நாள் என்றாள். வண்டியில் எப்போதும் நாலு பெண்கள். இவள் முறை வந்தால் பத்து நிமிஷம். ஆக ஒன்பது நாளில் ஒன்றரை மணி நேரம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி சொந்த உபயோகத்துக்கான கார் பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது, ஆள் உண்மையில் ஓட்டுகிற நேரம் 10 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. யார் எந்த நாளில் எவ்வளவு நேரம் ஓட்டினார் என்பதை ஸ்கூல் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். படிவம் 15 என்று அதற்குப் பெயர்.

மறுநாள் ஸ்கூலுக்குப் போய் அந்தப் படிவத்தைக் கேட்டேன். முதலில் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்றார்கள், அப்புறம் ஓனர் வரட்டும் என்றார்கள். நான் நகராமல் உட்கார்ந்திருந்ததும் ஒரு நோட்டை எடுத்துப் போட்டார்கள். என் மனைவி பெயருக்கு நேராக 21 நாளும் வரிசையாக நிரப்பியிருந்தது, ஒவ்வொரு வரியிலும் அவள் கையெழுத்து. எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு. அவள் என் காதருகே வந்து, “முதல் நாளே இருபது இடத்துல கையெழுத்து வாங்குனாங்க மச்சான், ஃபார்ம்னு நெனச்சேன்” என்றாள். தேதிகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு விழா அன்றைக்கும் காலையில் வகுப்புக்கு வந்ததாக எழுதியிருந்தது. அன்றைக்கு அவள் ஏர்வாடியில் அவள் உம்மா வீட்டில் இருந்தாள். அங்கிருந்து எனக்கு வீடியோ கால் போட்டது போனில் இருக்கிறது.

அதைக் காட்டினேன். “லைசென்ஸ் கையில வந்துருச்சுல்ல சார், அப்புறம் என்ன?” என்று கேட்டார் அந்த ஆள். அந்தக் கேள்வி இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. மூன்று பிள்ளைகளுக்குத் தாய் அவள். அந்தக் கார்டை நம்பி ஈ.சி.ஆரில் மீன் லாரிகளுக்கு நடுவே ஒரு நாள் அவளைத் தனியே அனுப்பியிருந்தால்?

கணக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். விதிப்படி எல்.எல்.ஆருக்கு 150, அதன் தேர்வுக்கு 50, ஓட்டுநர் தேர்வுக்கு 300, லைசென்ஸுக்கு 200, ஆக 700 ரூபாய். இன்டர்நேஷனல் பெர்மிட்டுக்கு 1,000. சேவைக் கட்டணம் அது இது என்று ஏதாவது சேரலாம். மீதி ஏறத்தாழ பதினேழாயிரமும் பயிற்சிக்கு என்று வாங்கிய பணம்தான். சண்டை போட்டதில் 4,000 திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்த லீவு முழுக்க நானே அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். முதல் மூன்று நாள் ஆக்ஸிலரேட்டரைத் தொடவே விடவில்லை. குதிகாலைத் தரையில் ஊன்றி, வண்டி லேசாகத் துடிக்கிற இடம் வரை கிளட்ச்சை விட்டு அங்கேயே நிறுத்து, அவ்வளவுதான் பாடம். நம் பக்கம் மேடு என்று தேடினாலும் கிடைக்காது, எல்லாம் தட்டைப் பூமி. அதனால் கண்மாய்க் கரையில் ஏறுகிற மண் சரிவில் நிறுத்தி ஹாஃப் கிளட்ச் பழக்கினேன். ஒரு தடவை வண்டி பின்னால் உருண்டபோது நான் ஹேண்ட் பிரேக்கை இழுப்பதற்குள் அவளே பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டாள். அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. கணவன் சொல்லிக் கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். வந்தது. இரண்டு நாள் பேசாமல்கூட இருந்தாள். ஆனாலும் கடைசி வாரம் மண்டபம் தாண்டிப் பாம்பன் பாலத்தை அவளே ஓட்டிக் கடந்தாள், அந்தக் கடல் காற்றிலும், கடல் பார்க்க ஓரத்தில் நிறுத்தியிருந்த சுற்றுலா வண்டிகளுக்கு இடையிலும்.

பயிற்சியில்தான் ஏமாற்றினார்கள், பெர்மிட்டாவது உதவும் என்று நினைத்தேன். விசா வந்ததும் டிசம்பரில் அதையும் எடுத்தோம். 2025 ஜனவரியில் துபாய் வந்தாள். காரில் ஏற்றும் முன் இந்த முறை நானே நேரில் போய் விசாரித்தேன். அப்போது தெரிந்தது இதுதான்: விசிட் விசாவில் வருகிறவர்களுக்குத்தான் இன்டர்நேஷனல் பெர்மிட் செல்லும். ரெசிடென்ஸ் விசா அடித்துவிட்டால் அமீரக லைசென்ஸ் இல்லாமல் வண்டியைத் தொடக் கூடாது. பயிற்சியும் டெஸ்ட்டும் இல்லாமல் நேரடியாக மாற்றிக் கொடுக்கிற நாடுகள் சில உண்டு, அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. கிளாஸ் குறைய வேண்டுமானால் ஊர் லைசென்ஸ் குறைந்தது இரண்டு வருடம் பழையதாக இருக்க வேண்டும். அவளுடையதற்கு ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. மூன்று வாக்குறுதியும் பொய்.

ஏதோ அபராதம் கட்டினால் போகிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். 2025 மார்ச் 29 முதல் அங்கே புதிய போக்குவரத்துச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அந்த நாடு ஏற்காத வெளிநாட்டு லைசென்ஸோடு ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவையே 2,000 முதல் 10,000 திர்ஹாம் வரை அபராதம். இடித்துவிட்டால் இன்சூரன்ஸும் கைகொடுக்காது.

அங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் ஊரில் எல் போர்டு மாட்டி, லைசென்ஸ் உள்ள கணவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கலாம். துபாயில் அது முடியாது. உரிமம் பெற்ற பயிற்சியாளர், அதற்கென்று உள்ள வண்டி, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை காலியான பார்க்கிங்கில் வைத்துப் பழக்கித் தருகிறேன், மணிக்கு இவ்வளவு என்று ஒருவர் என்னிடமே கேட்டார். வேண்டாம் என்றேன், நீங்களும் அதைத்தான் சொல்லுங்கள்.

துபாய் ட்ரைவிங் ஸ்கூலில் முறையாக ஃபைல் திறந்து, அதாவது பெயர் பதிந்து, 20 மணி நேரப் பயிற்சியும் எடுத்தாள். தியரி வகுப்பு தமிழில் கிடைத்தது. ஸ்டீயரிங் இடது பக்கம், வண்டி வலது ஓரம் என்று எல்லாம் தலைகீழாக இருந்ததால் ரவுண்டானாவில்தான் திணறினாள். பார்க்கிங் டெஸ்ட் முதல் தடவையே பாஸ், ரோடு டெஸ்ட் இரண்டாவது தடவை. ஏழாயிரம் திர்ஹாமுக்கு மேல் செலவானது, அந்தப் பணம் எனக்கு வலிக்கவில்லை. அங்கே அவள் வண்டியை அவளே ஓட்டினாள்.

ஊரில் உள்ள ஸ்கூலைப் பற்றி, அவர்களுக்கு உரிமம் கொடுக்கிற போக்குவரத்து அதிகாரிக்கு எழுத்து மூலம் புகார் அனுப்பியிருக்கிறேன். உரிமத்தை நிறுத்தி வைக்கவும் ரத்து செய்யவும் அவருக்கு அதிகாரம் உண்டு. நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், ஐந்து லட்சம் வரையிலான விஷயத்துக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் கையில் ரசீது வேண்டும். எங்களுக்குக் கொடுத்தது ஒரு விசிட்டிங் கார்டின் பின்னால் பேனாவால் எழுதிய தொகை. பணம் கட்டும் அன்றே முறையான ரசீது கேளுங்கள், பயிற்சி நடந்த நாளுக்கு மட்டும் அன்றன்றைக்குக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

போன வாரம் காக்கா ஒரு போட்டோ அனுப்பினார். அதே ஸ்கூல், புது போர்டு, பேக்கேஜ் இப்போது 22,000. என் மாமி மகள் அங்கே பாதிப் பணம் கட்டி ஆறு வகுப்பு முடித்திருக்கிறாளாம். நாளைக் காலை காக்கா அவளைக் கண்மாய்க் கரைக்கு அழைத்துப் போகிறார். அந்தச் சரிவில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் அவளே எடுக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் மீதிப் பணம்.