பழைய குடும்பப் படங்களை ஸ்கேன் செய்யக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

1989 கிறிஸ்துமஸுக்குத்தான் எங்கள் குடும்பம் மொத்தமும் கடைசியாக ஒரே வீட்டில் கூடியது. அந்த ஆல்பம் நிறம் மங்கிக்கொண்டே வந்ததால், ஸ்கேன் செய்து தருகிறவர்களிடம் கொடுத்தேன். “600 டிபிஐயில் எடுத்து, கொஞ்சம் பளிச்சென்று ஆக்கித் தருகிறோம்” என்றார்கள். அதாவது, ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள். நம்பினேன்.

பென் டிரைவில் வந்ததை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். கிறிஸ்துமஸ் மரத்தருகே பேரப்பிள்ளைகள் சூழ பாட்டி உட்கார்ந்திருக்கும் படம் வந்தது. “இது யாருடா?” என்றார் அம்மா. சேலை பாட்டியுடையது, நாற்காலி பாட்டியுடையது. முகம் வேறு யாருடையதோ. கன்னத்து மச்சத்தைக் காணோம், துருத்திய முன்பல்லைக் காணோம். பின்னால் நின்ற சித்தப்பாக்கள் இருவருக்கும் ஒரே மூக்கு! ஏஐ மென்பொருளில் போட்டு எடுத்திருக்கிறார்கள். மங்கிய முகத்தில் இல்லாத விவரத்தை அது மீட்பதில்லை. பயிற்சியில் பார்த்த வேறு முகங்களை வைத்து ஊகித்து வரைகிறது. என் அம்மாவுக்கு அவருடைய அம்மாவையே அடையாளம் தெரியாமல் போனதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

திருத்தாத ஸ்கேனைக் கேட்டேன். அழித்துவிட்டார்களாம். அவர்கள் தந்தது ஸ்கேனே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. 6க்கு 4 அங்குலப் படம் 600 டிபிஐயில் 3600க்கு 2400 பிக்சல் வரும். அந்த எண்ணிக்கை சரியாகவே இருந்தது. ஆனால் கோப்பின் விவரத்தைத் திறந்தால் ஒரு செல்போன் மாடலின் பெயர். போனில் எடுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள். வாங்கிய உடனே இந்த விவரத்தைப் பாருங்கள், பணம் கொடுப்பதற்கு முன்பே.

ஆல்பம் பசைப் பக்கங்கள் கொண்டது. ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்து எடுக்கக் கூடாது. பல் இடுக்கில் விடும் மெல்லிய நூலை அடியில் மெதுவாக ஓட்டிப் பிரிக்க வேண்டும், வராவிட்டால் பக்கத்தோடு ஸ்கேன் செய்ய வேண்டும். பாட்டி படத்தைப் பிய்த்திருக்கிறார்கள். முகத்தின் குறுக்கே கிழிந்து வந்தது.

ஆல்பத்தோடு கொடுத்திருந்த ஃபிலிம் நெகட்டிவ் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டு உறையைப் பிரித்தேன். 36 படச் சுருள், ஆறு ஆறாக நறுக்கிய 6 துண்டுகள். திரும்பி வந்தது 4. கொடுக்கும்போது எண்ணி எழுதிக் கையெழுத்து வாங்காதது என் தவறு. நீங்கள் அந்தத் தவறைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் உங்கள் போனில் எடுத்து வையுங்கள். “திருத்தாத கோப்பு தனியாக வேண்டும்” என்று எழுதியே கொடுங்கள்.

நான்கு துண்டுகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டேன். பாட்டி அவற்றில் இல்லை. தேடிக்கொண்டிருக்கிறோம் என்கிறார்கள்.